முதலில் இறங்குபவனின் முதுகு

தேநீருக்குச் சீனி கொஞ்சம் கூடிவிட்டது. பரவாயில்லை, குடிக்கிறேன்.

என்னை ஒரு கேள்விக்காகத்தான் கூப்பிட்டீர்கள் என்று தெரியும், ஐயா. பத்திநாதரின் முதுகுக் கூனல் பரம்பரை வியாதியா, இல்லையா. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பியட்றிஸ் உங்கள் தமக்கையின் மகள். அவளை மன்னாரிலிருந்து அழைப்பித்தது நீங்கள். வந்து இறங்கியவள் பார்த்த மாப்பிள்ளை அரிவாள் மாதிரி வளைந்து நின்றான். பிறக்கப்போகிற பிள்ளைகளும் அப்படி நிற்குமா என்று விசாரிப்பது தாய்மாமனின் வேலை. பதில் 'ஓம்' என்றால் கல்யாணம் இல்லை என்று சுவாமியாரிடம் சொல்லிவைத்திருக்கிறீர்களாம். அவனோடு ஒரே அறையில் இருக்கிறவன் நான். என்னைக் கேட்பதுதான் சரி.

பதில், இல்லை. பரம்பரை வியாதி இல்லை.

ஆனால் வெறுமனே இல்லை என்றால் நம்பமாட்டீர்கள். பாரிஸில் எங்கள் சனம் கூடுகிற லா சப்பல் முழுக்க ஓம் என்று சொல்கிறது. ஆகவே அந்த முதுகு எப்படி வளைந்தது, ஏன் நிமிரவில்லை என்பதை முழுவதும் சொல்லவேண்டும். அதற்கு முதலில், பேஸ்பால் விளையாட்டில் யாரை முதலாவது ஆளாக அடிக்க அனுப்பவேண்டும் என்று உங்களுக்கு விளங்கவேண்டும். அப்படிப் பார்க்காதீர்கள். அது விளங்காமல் மற்றது விளங்காது.

நானும் பத்தியும் அங்கே ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் இருக்கிறோம். அறை ஒன்று, கட்டிலும் ஒன்று. எனக்கு இரவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. அவன் பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். அவன் எழும்ப நான் படுப்பேன். நான் எழும்ப அவன் படுப்பான். அந்தக் கட்டிலின் சூடு ஒருநாளும் ஆறியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருப்போம். அன்றைக்குக் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறி இந்தச் சார்செல்லுக்கு வந்து, உங்கள் யன்னலிலிருந்து தெரிகிறதே, அந்த மண் மைதானத்தில் எங்கள் பொடியன்களோடு கிரிக்கெட் விளையாடுவோம். விக்கெட்டுக்குப் பதில் பால் போத்தல் பெட்டி.

மைதானத்தின் மற்றப் பாதியில் பிரெஞ்சுக்காரர் சிலர் பேஸ்பால் விளையாடினார்கள். அணியின் பெயர் கொக்குகள். அதை நடத்தியவர் மார்செல் என்ற இறைச்சிக்கடைக்காரர். எண்பத்தேழாம் ஆண்டு வசந்தத்தில் அவருடைய ஆட்களில் பாதிப்பேர் கட்டாய இராணுவ சேவைக்குப் போய்விட்டார்கள். ஒரு ஞாயிறு அவர் எங்களிடம் நடந்து வந்தார். உங்களிடமும் தடியும் பந்தும் இருக்கிறது, அதை வந்து எங்களோடு செய்யுங்கள் என்றார்.

எங்களில் பிரெஞ்சு ஓரளவு தெரிந்தவன் நான் ஒருவன். ஏ.எல். சோதனைக்குப் போகாமலே பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு கூட்டத்தில் அதிகம் தெரிந்தவன் என்று என்னைத் தேடி ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து மார்செல் சொல்வதை எங்கள் ஆட்களுக்கும் அவர்கள் சொல்வதை மார்செலுக்கும் மாற்றிச் சொல்வது என் வேலையாயிற்று. யார் சொன்னது யாருக்கு எப்படிப் போய்ச் சேரவேண்டும் என்பது என் வாயில் இருந்தது. அந்த வசதியை நான் தவறாகப் பயன்படுத்தவில்லை. தொடக்கத்தில்.

உங்களில் முதலாவது ஆள் யார் என்று மார்செல் கேட்டார். பத்தி கையைத் தூக்கினான். ஊரில் அவன் பள்ளிக்கூட அணிக்கு முதலாவதாக இறங்கினவன். அடிக்கமாட்டான். வெளியே போகிற பந்தைத் திரும்பியும் பார்க்கமாட்டான். நேரே வருவதை மட்டையால் தடுத்துக் கட்டை போடுவான். நின்ற இடத்தில் நிற்பான். ஊர்ச்சனம் அவனுக்குத் தபால் பெட்டி என்று பெயர் வைத்திருந்தது. ஒரு தடவை அவன் ஆட்டமிழந்தபோது, அவனுடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே பந்து போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். இதை அவன் பெருமையாகத்தான் சொல்வான்.

அன்று அவன் போய் நின்றான். நடுவர் அந்துவான், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர், பின்னால் நின்றார். பத்தி மட்டையை நிமிர்த்திப் பிடித்து அவரைப் பார்த்து, "மிடில்" என்றான். கிரிக்கெட்டில் அது வழக்கம். நிற்கிற இடத்தை நடுவரிடம் கேட்டு மண்ணில் கோடு போட்டுக்கொள்வார்கள். அந்துவானுக்கு விளங்கவில்லை. மரியாதைக்கு "மெர்சி" என்றார். பத்தி கோடு போட்டான். பிறகு எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்தான். மட்டையின் நுனியைத் தரையில் ஊன்றிக்கொண்டு குனிந்தான்.

இங்கேதான் கவனிக்கவேண்டும், ஐயா. பேஸ்பால்காரர்கள் மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடிப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது கொசு அடிக்கிற மாதிரித் தெரியும். ஆனால் அவர்களுடைய மட்டை கட்டையானது. அதன் நுனி தரையில் படவேண்டும் என்றால் நன்றாகக் குனியவேண்டும். பத்தியின் நாடி முழங்காலுக்குக் கிட்ட வந்துவிட்டது. அந்த விளையாட்டின் சட்டமோ, எறிகிறவன் பந்தை அடிப்பவனின் கக்கத்துக்கும் முழங்காலுக்கும் இடையே போடவேண்டும் என்பது. பத்திக்கு அந்த இரண்டுக்கும் இடையே ஒரு பாண் துண்டு வைக்கத்தான் இடம் இருந்தது. எறிகிறவன் அவனைப் பார்த்தான், அந்துவானைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். நாலு பந்தும் வெளியே போயிற்று. வெளியே போகிற பந்தைத் தொடாமல் விடுவது பத்தியின் பிறவிக் கலை. நாலு பந்து வெளியே போனால் அடிப்பவன் ஒன்றும் செய்யாமலே முதலாம் பேஸுக்கு, அதாவது ஓடிச் சேரவேண்டிய முதல் மூலைக்கு, நடந்து போகலாம்.

அவன் போகவில்லை.

"போடா," என்றேன். "அங்கை போய் நில்."

"நான் அடிக்கேல்லையே, தவம். அடியாமல் என்னத்துக்கு ஓடுறது?"

"ஓடவேண்டாம். நட. சும்மா தாறாங்கள்."

"சும்மா தாறதை வாங்க நான் என்ன பிச்சைக்காரனோ?"

கடைசியில் நடந்தான். மட்டையையும் கொண்டே போனான். முதலாம் பேஸை அடைந்ததும் மட்டையால் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றான். எதிரணிக்காரர் கை தட்டினார்கள், பகிடி என்று நினைத்து. மார்செல் மட்டும் சிரிக்கவில்லை. இறைச்சிக்கடைக்காரர் ஒரு நல்ல கன்றைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாவது ஆளின் வேலை அடிப்பதல்ல, அங்கே போய்ச் சேருவது என்றார் மார்செல். நான் பிறகு இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். துணி தோய்க்கிற இயந்திரங்களுக்கு முன்னால் இருக்கிறவனுக்கு யோசிக்க நேரம் உண்டு. நல்ல முதலாவது ஆளுக்குப் பலம் தேவையில்லை. பலசாலி நாலாவதாகப் போகட்டும். முதலில் போகிறவனுக்குக் கண் வேண்டும், பொறுமை வேண்டும். எறிகிறவனைக் களைக்கப் பண்ணவேண்டும். அவனுக்குச் சந்தேகம் வரப் பண்ணவேண்டும், தன் கையிலேயே. மற்றவன் கொடுப்பதைக் கூச்சப்படாமல் வாங்கவேண்டும். கை தட்டலை எதிர்பார்க்கிறவன் அதற்குச் சரிவரமாட்டான். அகதி அட்டைக்கு வரிசையில் நின்று பழகினவன் சரிவருவான். எல்லாவற்றிலும் மேலாக, எறிகிறவனுக்கு இலக்கே தெரியக்கூடாது. இவ்வளவும் பத்தியிடம் இருந்தது. எங்கள் ஊர்ச்சனம் அவனைப் பார்த்துச் சிரித்ததற்கு ஒரே காரணம், அவன் பிழையான விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்ததுதான்.

கொக்குகள் வெல்லத் தொடங்கியது. முன்பு அது வென்றதில்லை. நானும் எதிலும் வென்றதில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு கோப்பை இருக்கிறது என்று மார்செல் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

எதிரணிகள் சும்மா இருக்கவில்லை. இவன் வேண்டுமென்று குனிகிறான் என்று முறையிட்டார்கள். அந்துவான் என்னைக் கூப்பிட்டார். அடிப்பவன் எப்படி இயல்பாக நிற்கிறானோ அதைக்கொண்டுதான் அளப்பது என்பது சட்டம். அவர் சொன்ன சொல் நாத்துரேல். உங்கள் ஆள் நிற்பது நாத்துரேலா? அடுத்த ஞாயிறு அவன் ரயிலால் இறங்கியதிலிருந்து கவனிப்பேன், அங்கே நிமிர்ந்து நடந்து இங்கே மட்டும் குனிந்தானென்றால் நிமிர்ந்த உயரத்துக்குத்தான் அளப்பேன் என்றார். நியாயமான மனிதர்.

அந்தக் கிழமைதான் உணவகத்தில் பத்தி ஒரு பெரிய சூப் அண்டாவைத் தூக்கப்போய் முதுகு பிடித்துக்கொண்டது. அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அண்டாவைக் கேளுங்கள்.

ஞாயிறு அவன் ரயிலால் இறங்கும்போதும் குனிந்திருந்தான். ரோல்ஸ் சாப்பிடும்போதும் குனிந்திருந்தான். சப்பாத்துக் கயிறு கட்டியபோது மட்டும் கொஞ்சம் சௌகரியமாகத் தெரிந்தான். அந்துவான் பின்னாலேயே நடந்து பார்த்தார். அவருக்கு முகம் மாறிவிட்டது. என்னிடம் வந்து மெதுவாக, "நாத்துரேல்?" என்றார். அந்தச் சொல்லுக்கு இயல்பு என்றும் பொருள் சொல்லலாம், பிறவி என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவது உறுதியானதாகப் பட்டது. "ஓம். பிறவியிலேயே. தகப்பனும் இப்படித்தான். தகப்பனுக்குத் தகப்பனும் இப்படித்தான்," என்றேன். அந்துவான் தொப்பியைக் கழற்றினார். இந்தப் பருவம் முடியும்வரை அவனை யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்று எதிரணிக்குச் சொன்னார்.

நான் அதில் விட்ட பிழை ஒன்றுதான். சத்தமாகச் சொன்னது. எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அற்புதமலர் அக்கா ஞாயிறுகளில் மைதானத்துக்கு ரோல்ஸ் கொண்டுவந்து விற்பா. அவவுக்குப் பிரெஞ்சு என்னைவிட நன்றாகத் தெரியும். பக்கத்தில் நின்றிருக்கிறா. பத்தியின் பரம்பரைக்கே கூன் என்ற கதை இந்த ஊரில் பரவியது அங்கிருந்துதான். உங்கள் காதுக்கும் அதுதான் வந்தது.

இனி நீங்கள் கேட்க வேண்டிய பகுதி.

அடுத்த கிழமை நடுவில் பத்தி கட்டிலிலிருந்து எழும்பி, "மச்சான், இண்டைக்கு லேசாக்கிடக்கு. நிமிருது," என்றான். நான் பயந்துபோனேன். ஒரு நேர்மையான மனிதரிடம் நான் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பத்தி நிமிர்ந்துவிட்டால் நான் பொய்யன். அவனை நடிக்கச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். சிலர் அப்படிச் செய்திருப்பார்கள். நான் ஏமாற்று வேலைக்கு ஆளில்லை. சொன்ன சொல் உண்மையாக இருக்கவேண்டும் என்றால் அதை உண்மையாக வைத்திருப்பது என் பொறுப்பு.

டாக்டரிடம் போகவேண்டும் என்று அவனேதான் கேட்டான். பியட்றிஸ் வரமுதல் முழுக்கச் சுகமாகிவிட வேண்டும் என்றான். பேச்சுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் ஒரு வயதான மதாம். முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு விபரமாகச் சொன்னா: எலும்பில் ஒன்றுமில்லை, தசைதான். மெத்தைக்குக் கீழே பலகை போட்டுப் படுக்கவேண்டும். குனியக்கூடாது. காலையும் மாலையும் சுவரோடு முதுகை ஒட்டி நிமிர்ந்து நிற்கவேண்டும். அப்படிச் செய்தால் கொஞ்சக் காலத்தில் சரியாகிவிடும்.

"என்னவாம்?" என்றான் பத்தி.

"மெத்தையிலை நல்லாப் புதைஞ்சு படுக்கட்டாம். நிமிரப் பாக்கக்கூடாதாம். தன்பாட்டுக்கு விடட்டாம்."

"இவ்வளவு நேரம் கதைச்சா. இவ்வளவுதானோ?"

"பிரெஞ்சு நீளமான பாசை."

மதாம் எழும்பிப்போய்ச் சுவரோடு முதுகை ஒட்டி நின்று காட்டினா.

"உவ ஏன் சுவரிலை ஒட்டிக்கொண்டு நிக்கிறா?"

"அதுதான் செய்யவே கூடாததாம். காட்டுறா."

பத்திக்கு நன்றியால் கண் கலங்கிவிட்டது. "மெர்சி மதாம், மெர்சி," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எங்கள் ஆஸ்பத்திரியில் யார் இப்படி எழும்பி நின்று விளங்கப்படுத்துவார்கள் என்று படியிறங்கும்போது கேட்டான்.

அந்த மதாம் சொன்னது நல்ல ஆலோசனை. நான் அதைப் பின்பற்றினேன். எங்கள் கட்டில் பழைய கம்பி வலைக் கட்டில், நடுவில் குழி. தெருவில் யாரோ எறிந்திருந்த அலுமாரிக் கதவு ஒன்றைத் தூக்கிவந்தேன். காலையில் வந்ததும் அதை மெத்தைக்குக் கீழே செருகிவிட்டுப் படுப்பேன். வேலைக்குப் புறப்படமுதல் இழுத்து வெளியே எடுத்துச் சுவரில் சாத்திவிடுவேன். எனக்கு முதுகில் ஒரு குறையும் இல்லை. பார்க்கிறீர்கள்தானே, எப்படி நிமிர்ந்து இருக்கிறேன்.

ஒருநாள் பத்தி, "உந்தக் கதவு எதுக்கு மச்சான்?" என்று கேட்டான். அலுமாரி வாங்கும்போது உதவும் என்றேன். முன்யோசனை உள்ளவன் நீ என்றான்.

கட்டில் கம்பிகளில் சிலவற்றைக் கழற்றியதும் நான்தான். எல்லாவற்றையும் அல்ல. அவனுக்குத் தைலம் தேய்த்துவிட்டதும் நான்தான். போத்தலில் இருந்தது நல்லெண்ணெய். உணவக முதலாளியிடம் போய், பத்திக்குத் தாழ்வான தொட்டிதான் வசதி, கூச்சத்தில் கேட்கமாட்டான் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் உடனே மாற்றிக்கொடுத்தார். பத்தி வந்து, முதலாளிக்குத் தன்னில் ஏன் திடீரென்று இவ்வளவு அக்கறை என்று ஆச்சரியப்பட்டான். கோவிலிலும் அவனுக்கு மதிப்புக் கூடியது. பூசை முழுக்கக் குனிந்தே நிற்கிறான் என்று சுவாமியார் மற்றப் பொடியன்களுக்கு அவனை உதாரணம் காட்டினார்.

அந்தக் கோடை முழுக்க அவன் முதலாவதாகப் போனான். முதலாவதாகப் போய் முதலாம் பேஸில் நின்றான். பந்து எறிகிறவர்கள் அவன் பெயரைக் கேட்டாலே தோளைத் தேய்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். சின்னப் பிள்ளைகள் அவனைப்போலக் குனிந்து நடந்து பழகினார்கள். தெருவில் மட்டும்தான் மரியாதை இல்லை. ஒருநாள் அற்புதமலர் அக்காவின் கடைக்குள் நாங்கள் போக, அவ கல்லாவிலிருந்தே எட்டிப் பார்த்தா.

"என்ன பத்தி, காசு கீசு விழுத்திப்போட்டியோ? நானும் வந்து தேடட்டே?"

"இல்லையக்கா. பேஸ்பால்."

"விளையாட்டெண்டால் உடம்பு நிமிரவேணும். உனக்கு மடியுது. வெங்காயம் கீழ்த்தட்டிலை கிடக்கு, உனக்குத்தான் வசதி, எனக்கும் ஒரு கிலோ எடுத்துத் தா." பிறகு என் பக்கம் திரும்பி, "தவம், உவன்ரை தகப்பனும் உப்பிடித்தான் எண்டு நீதானே அண்டைக்கு அந்தக் கணக்கு வாத்திக்குச் சொன்னனீ? மன்னாரிலை கலியாணம் பேசேக்கை அவையளுக்குத் தெரியுமோ?"

பத்தி வெங்காயத்தோடு கீழே இருந்தான். அவனுக்குக் கேட்கவில்லை. அந்த இடத்தில் நான், இல்லை அக்கா, அது சும்மா சொன்னது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்த வீட்டில் இன்றைக்கு இந்தப் பேச்சே இல்லை. ஆனால் கடை வாசலில் மார்செல் நின்றுகொண்டிருந்தார், அக்கா அதை உடனே அவருக்குப் பிரெஞ்சில் சொல்லிவிடுவா. அரையிறுதி வருகிற ஞாயிற்றுக்கிழமை. நான் கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டேன்.

எனக்கு இரக்கம் இல்லை என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் நான் வேலைக்குப் புறப்படும்போது பத்தி கண்ணாடிக்கு முன்னால் நின்றான். கண்ணாடியில் அவனுடைய தலைமயிர் மட்டும் தெரிந்தது.

"அவளுக்கு அனுப்பின படம் கதிரையிலை இருந்தெடுத்தது, மச்சான். அவள் நினைச்சிருப்பாள், எழும்பினால் நான் நல்ல உயரம் எண்டு."

"முகம்தானே முக்கியம்."

"முகம் தெரிஞ்சால்தானே. அவள் ஒருக்கால் பாத்திட்டு வேண்டாமெண்டு சொன்னால் நான் என்ன செய்யிறது? அவளுக்காகத்தானே இஞ்சை இவ்வளவும் கழுவிக் குடுத்தனான்."

அது மனதில் பட்டது. கதவுப் பலகையை அன்றைக்கு எடுக்காமலே விட்டுவிட்டுப் படியிறங்கினேன். வாசல்வரை போய்விட்டேன். பிறகு எதிரணியின் எறிகிறவன் யார் என்று ஞாபகம் வந்தது. இடதுகைக்காரன், தாழ்வாகப் போடுகிறவன். திரும்பி ஏறிப்போய், பத்தியைக் கொஞ்சம் எழும்பச் சொல்லிவிட்டுப் பலகையை எடுத்தேன். மூட்டைப்பூச்சி பார்ப்பதாகச் சொன்னேன்.

விமான நிலையத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்களும் நின்றீர்கள். அவன் பியட்றிஸைச் செருப்பிலிருந்துதான் பார்க்கத் தொடங்கினான். அவள், "என்ன, இப்பவே காலிலை விழப்போறீங்களோ? கலியாணம் முடியட்டும்," என்றாள். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அவன் நிமிரவில்லை. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் பூக்கொத்தை நீட்டினான். அது அவளுடைய முழங்காலுக்குப் போயிற்று. அவள் குனிந்து வாங்கினாள். குனிந்தவள் அவன் முகத்தைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கிறியள்," என்றாள். நல்ல பிள்ளை. அடுத்த நாள் நீங்கள் அற்புதமலர் அக்காவின் கடைக்குச் சாமான் வாங்கப் போனீர்கள். அதோடு கல்யாணப் பேச்சு நின்றது.

இறுதி ஆட்டம் அந்த ஞாயிறு. பத்தி முதல் நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பெண் வீட்டார் பேசாமல் இருக்கிறார்கள், தான் விளையாட வரவில்லை என்றான். நான் அவனிடம் சொன்னேன், செபஸ்தியாம்பிள்ளை ஐயா யன்னலில் நின்று பார்ப்பார், நீ வென்று காட்டினால் மனம் மாறுவார் என்று. நீங்கள் பார்த்தீர்களோ தெரியாது. அவன் உங்கள் யன்னலுக்காகத்தான் விளையாடினான். ஒருவரும் ஓட்டம் எடுக்காமல் ஆட்டம் இழுபட்டது. கடைசியில் பத்தி வழக்கம்போல நடந்து முதலாம் பேஸுக்குப் போனான். எறிகிறவன் நிலைகுலைந்து அடுத்த பந்துகளைக் கண்டபடி போட்டான். ஒன்று பிடிப்பவனைத் தாண்டி வேலிக்கு ஓடியது, பின்பு இன்னொன்று. பத்தி பேஸ் பேஸாகப் போனான். முடிவில் ஒரு சுற்றுச் சுற்றி, அடிப்பவன் நிற்கிற இடத்தில் பதித்திருக்கிற வீட்டுத் தகட்டுக்கு வரும்போது மற்றவர்கள் விழுந்து சறுக்கிக் கையால் தொடவேண்டும். அவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கை ஏற்கனவே கீழேதான் இருந்தது. போகிற போக்கில் தடவிக்கொண்டு போனான். ஒரு ஓட்டம். அந்த ஓட்டத்துக்கு ஒருவரும் பந்தை அடிக்கவேயில்லை. முதலாவது ஆள் எப்படி இருக்கவேண்டும் என்று இனி யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

கோப்பை சின்னது. மார்செல் அதில் பியர் ஊற்றிக் குடித்தார். படம் எடுத்தபோது பத்தியைக் கோப்பைக்கு முன்னால் நிறுத்தினார்கள். கோப்பைதான் உயரமாகத் தெரிகிறது. நாளெல்லாம் கோப்பை கழுவுகிறவனுக்குக் கழுவத் தேவையில்லாத கோப்பை ஒன்று கிடைத்தது. எனக்கும்தான்.

நீங்கள் இந்தக் கேள்வியை இறுதி ஆட்டத்துக்கு முதல் கேட்டிருந்தால் பரம்பரை வியாதி என்றுதான் சொல்லியிருப்பேன். அதில் என்மேல் கோபிக்கக்கூடாது; வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது பருவம் முடிந்துவிட்டது. அவனுடைய தகப்பனை நான் நேரில் பார்த்ததில்லை. படத்தில் கோவில் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார். இரண்டில் தூண்தான் கொஞ்சம் சரிந்திருக்கிறது. ஆகவே கூனலுக்குக் காரணம் பரம்பரை அல்ல. நான்தான். மெத்தை, பலகை, தைலம், தொட்டி, டாக்டர் சொன்னது, எல்லாம் நான்தான். நீங்கள் தைரியமாகக் கல்யாணத்தை வைக்கலாம்.

இறுதி ஆட்டத்துக்குப் பிறகு கதவுப் பலகையை மெத்தைக்குக் கீழேயே விட்டுவிட்டேன். எடுத்து எடுத்து வைக்கிற வேலை எனக்கும் மிச்சம். அவன் நிமிர்ந்துகொண்டு வருகிறான். முந்தாநாள் கடையில் நடுத்தட்டிலிருந்து கடலைமா எடுத்தான். பலகையை நான் கல்யாணப் பரிசாகப் போட்டதாக நினைக்கிறான். "தாய் மாதிரிப் பாத்தாய் மச்சான்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் மறுக்கவில்லை. அவனுக்கு இதையெல்லாம் சொல்லவேண்டாம். அந்த அறையில் அவனுடைய நன்மையை யோசித்தவன் நான் ஒருவன்தான். அது பொய்யென்று தெரிந்தால் உடைந்துபோவான். பொய்யில்லை, ஆனால் அவனுக்கு அப்படித் தோன்றலாம்.

குசினிக்குள் சட்டிச் சத்தம் நின்று கனநேரம். பியட்றிஸ் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நல்லது, அவளுக்கும் இனிமேல் சந்தேகம் இருக்காது. இப்போது வந்து வெளிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காற்று வரட்டும் என்று நினைக்கிறேன்.

அப்போ நான் வெளிக்கிடுகிறேன், ஐயா. கல்யாணம் முடிந்து பத்தி போய்விட்டால் கட்டிலில் இரவுப் பக்கம் காலியாகும். அடுத்த பருவம் வசந்தத்தில் தொடங்குகிறது. உங்களுக்குத் தெரிந்த, பொறுமையான, கட்டையான பொடியன் யாராவது அறை தேடினால் என்னிடம் அனுப்புங்கள். முதுகு நேராக இருந்தாலும் பரவாயில்லை.